லா ஸ்கூல் யோசனையோடு ப்ரீ-லா ஆலோசகரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ‘ப்ரீ-லா’ என்று தனிப் பாடப்பிரிவு இருப்பதாக நம்பிக்கொண்டு வரும் முதலாண்டு மாணவர்கள் நிறைய. பெரும்பாலான இடங்களில் அப்படி ஒன்று கிடையாது. இருப்பவர் ஓர் ஆலோசகர். அவருக்கும் பல கல்லூரிகளில் அது முழுநேர வேலையல்ல. வேலைவாய்ப்பு மையத்திலோ அரசியல் அறிவியல் துறையிலோ வேறொரு பொறுப்பைப் பார்த்துக்கொண்டே இதையும் பார்ப்பார். ப்ளஸ் டூ முடித்த கையோடு ஐந்தாண்டுச் சட்டப்படிப்பில் சேரும் இந்திய வழக்கம் அங்கே இல்லை. ஜேடி எனப்படும் சட்டப்பட்டம் இளங்கலைக்குப் பிறகு மூன்றாண்டு. இளங்கலையில் எதைப் படித்திருந்தாலும் சேரலாம். ஏபிஏ எனப்படும் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் எந்தப் பாடத்தையும் தனியாகச் சிபாரிசு செய்வதில்லை. ‘லா ஸ்கூலுக்கு நல்லது’ என்று யாரோ சொன்னதற்காகப் பிடிக்காத பாடத்தை எடுத்து மதிப்பெண்ணைக் கெடுத்துக்கொள்வதைப் போல வீண்வேலை வேறில்லை.

ஆலோசகரிடம் பெரும்பாலும் வரும் முதல் கேள்வி, ‘எனக்கு எந்த ஸ்கூல் கிடைக்கும்?’ அதற்குப் பாதி விடை பொதுவெளியிலேயே இருக்கிறது. ஏபிஏ அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு லா ஸ்கூலும் ஆண்டுதோறும் டிசம்பர் 15-க்குள் ‘509 அறிக்கை’யை வெளியிட்டாக வேண்டும். அந்த ஆண்டு சேர்ந்தவர்களின் எல்சாட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் ஜிபிஏவும் (இளங்கலை கிரேடுகளின் சராசரி) 25, 50, 75-ஆவது பெர்சென்டைலில் எவ்வளவு என்று அதில் இருக்கும். பத்து நிமிட வேலை, நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஆலோசகர் நிஜமாகவே கைகொடுப்பது வேறு இரண்டு காரியங்களில். காகிதங்களில் இருக்கும் சிக்கலை ஓராண்டு முன்னதாகவே கண்டுபிடிப்பது ஒன்று. ‘இந்த ஆண்டு வேண்டாம், அடுத்த ஆண்டு போடு’ என்று முகத்துக்கு நேரே சொல்வது இன்னொன்று. இரண்டுக்கும் கால அவகாசம் வேண்டும். நான்காம் ஆண்டு அக்டோபரில் முதன்முதலாகப் போய் நின்றால், அவரால் ஆகக்கூடியது கட்டுரையில் காற்புள்ளி பார்த்துக் கொடுப்பதுதான். மூன்றாம் ஆண்டு தொடக்கத்திலேயே ஒரு முறை போய்விடுங்கள். இரண்டாம் ஆண்டிலேயே போனால் இன்னும் நல்லது.

போகும்போது கையில் டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) இருக்கட்டும், எல்லாக் கல்லூரியுடையதும்.

உங்கள் ஜிபிஏ வேறு, எல்சாக் ஜிபிஏ வேறு

லா ஸ்கூல் விண்ணப்பங்கள் எல்சாக் என்ற அமைப்பின் வழியாகத்தான் போகின்றன. அது உங்கள் டிரான்ஸ்கிரிப்டுகளை வாங்கி, தன் கணக்கில் ஜிபிஏவை மறுபடி போடும். பல்கலைக்கழகம் கொடுத்த எண்ணை நம்பி ஸ்கூல் பட்டியல் தயாரித்தவர்கள் இங்கேதான் அதிர்ச்சி அடைகிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு மாணவி 116 கிரெடிட்டில் சராசரி 3.70 வைத்திருக்கிறார். முதலாண்டில் 4 கிரெடிட் வேதியியலில் எஃப் வாங்கி, மறுபடி படித்து ஏ எடுத்திருக்கிறார். பழைய எஃப்-ஐக் கணக்கில் சேர்க்காத பல்கலைக்கழகம் அது. ஆகவே 120 கிரெடிட்டுக்கு அவருடைய ஜிபிஏ 3.71. எல்சாக் என்ன செய்யும்? பழைய முயற்சியின் கிரேடும் கிரெடிட்டும் டிரான்ஸ்கிரிப்டில் தெரிந்தால் இரண்டையும் சேர்க்கும். 124 கிரெடிட்டுக்கு வகுத்தால் 3.59. இதோடு, பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அருகிலிருந்த கம்யூனிட்டி காலேஜில் எடுத்த இரண்டு பாடம், 6 கிரெடிட், இரண்டிலும் சி. பல்கலைக்கழகம் அந்தக் கிரெடிட்டை மட்டும் ஏற்றுக்கொண்டு கிரேடை விட்டிருக்கும். எல்சாக் விடாது. இப்போது 3.52. கையில் 3.71 என்று நினைத்துக்கொண்டிருந்தவரின் விண்ணப்பம் 3.52-ஆகப் போய் நிற்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஏ ப்ளஸ் கொடுக்கும் கல்லூரியில் படித்தால் எல்சாக் அதற்கு 4.33 போடும், ஜிபிஏ கூடலாம். பாஸ்/ஃபெயில் முறையில் எடுத்த பாடத்தில் பாஸ் என்றால் கணக்கில் வராது, ஃபெயில் என்றால் வரும். முதல் இளங்கலைப் பட்டம் வாங்கிய தேதியோடு கணக்கு முடிந்துவிடும். முதுகலையில் 4.0 எடுத்தாலும் அந்த எண் நகராது. தேர்வுக் குழு அதைத் தனியாகப் பார்க்கும், அவ்வளவுதான்.

ஆலோசகரோடு உட்கார்ந்து இந்தக் கணக்கை மூன்றாம் ஆண்டிலேயே போட்டுவிட்டால், மீதமுள்ள இரண்டு மூன்று செமஸ்டரில் என்ன செய்ய முடியும் என்று தெரியும். பட்டம் வாங்கிய பிறகு தெரிந்து பயனில்லை.

எல்சாக் தளத்தில் நீங்கள் தொடங்கும் கணக்கில், உங்கள் விவரங்களை உங்கள் கல்லூரியின் ப்ரீ-லா ஆலோசகர் பார்க்கலாமா என்று ஒரு கேள்வி வரும். யோசிக்காமல் ஆம் என்று கொடுங்கள். உங்கள் கல்லூரியில் படித்து, ஏறக்குறைய உங்கள் எண்களோடு விண்ணப்பித்தவர்களில் யாரை எந்த ஸ்கூல் எடுத்தது என்ற தகவல் ஆலோசகர் கைக்கு வருவது, முன்னால் போனவர்கள் அப்படி அனுமதி கொடுத்ததால்தான். 509 அறிக்கையில் இந்த விவரம் இருக்காது.

எல்சாட்: தேதியை விடத் தயார்நிலை முக்கியம்

எல்சாட் 120 முதல் 180 வரையிலான அளவில் மதிப்பிடப்படுகிறது. 2024 ஆகஸ்ட் முதல் ‘லாஜிக் கேம்ஸ்’ பகுதி நீக்கப்பட்டுவிட்டது. இப்போது மதிப்பெண் உள்ள பகுதிகள் மூன்று: தர்க்கப் பகுப்பாய்வு இரண்டு, வாசிப்புப் புரிதல் ஒன்று. மதிப்பெண் இல்லாத பரிசோதனைப் பகுதி ஒன்றும் நடுவே கலந்து வரும். எது என்று உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொன்றும் 35 நிமிடம். தவறான விடைக்குக் கழிப்பதில்லை, எனவே ஒரு கேள்வியையும் காலியாக விடக்கூடாது. அண்ணனோ அக்காவோ வைத்திருந்த பழைய புத்தகத்தை எடுத்துப் படிக்கிறவர்கள் ஒழிந்துபோன பகுதிக்கு ஒரு மாதத்தைத் தாரைவார்க்கிறார்கள். எல்சாக்கின் லாஹப் தளத்தில் புதிய வடிவிலான முழுத் தேர்வுகள் சில இலவசமாகவே இருக்கின்றன. அங்கிருந்து தொடங்குங்கள்.

கட்டுரைத் தேர்வு தனியாக எழுதவேண்டியது. 15 நிமிடம் யோசித்துக் குறிப்பெடுக்க, 35 நிமிடம் எழுத. அதற்கு மதிப்பெண் இல்லை என்பதால் தள்ளிப்போட்டுக்கொண்டே போவார்கள். ஒரு கட்டுரையாவது பதிவாகாமல் எல்சாட் மதிப்பெண் வெளியே வராது. மதிப்பெண் வெளியாகும் நாளில் எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, நம் திரையில் மட்டும் ஒன்றுமில்லை என்று அலறியடித்து வரும் மின்னஞ்சல்களில் பாதிக்குக் காரணம் இதுதான்.

எல்சாக் மதிப்பெண்களை ஸ்கூல்களுக்கு அறிவிக்கும் நடப்புக் காலத்துக்குள் ஐந்து முறை, வாழ்நாளில் மொத்தம் ஏழு முறை எழுதலாம். எழுதிவிட்டு மதிப்பெண்ணை ரத்து செய்தாலும் அந்த முயற்சி எண்ணிக்கையில் சேரும். ரத்து செய்தது ஸ்கூலுக்கும் தெரியும். லா ஸ்கூல்கள் ஏபிஏவுக்குத் தெரிவிப்பது ஒவ்வொரு மாணவரின் அதிகபட்ச மதிப்பெண்ணைத்தான் என்பதால், இரண்டாம் முறை எழுதுவது பெரும்பாலும் நட்டமில்லை. ஆனால் ‘எப்படி இருக்கிறது என்று பார்ப்போமே’ என்று பயிற்சியில்லாமல் நிஜத் தேர்வில் போய் உட்காருவது சரியில்லை. பார்க்க வேண்டுமென்றால் மாதிரித் தேர்வு இருக்கிறது. கடைசி நான்கைந்து மாதிரித் தேர்வின் சராசரி உங்கள் இலக்குக்கு இரண்டு மூன்று புள்ளிக்குள் வந்திருந்தால் பதிவு செய்யுங்கள். வராவிட்டால் தேதியைத் தள்ளுங்கள். ஒரு விண்ணப்பச் சுற்றையே தள்ளினாலும் குடி முழுகிவிடாது. முன்னணி ஸ்கூல்களில் சேருகிறவர்களில் பெரும்பாலோர் ஓராண்டாவது வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான்.

இன்னொன்று: 2026 ஆகஸ்ட் முதல் சிலருக்கு மட்டும் விலக்களித்து, மற்றவர்கள் தேர்வு மையத்துக்கு நேரில் வந்துதான் எழுத வேண்டும் என்று எல்சாக் அறிவித்திருக்கிறது. வீட்டு மேசையில் பழகியவர்கள் நூலகத்தில் போய்ச் சில தேர்வு எழுதிப் பழகுவது நல்லது.

கடிதங்களும் ஒழுக்கக் கேள்விகளும்

பரிந்துரைக் கடிதம் பெரும்பாலும் இரண்டு போதும். பெரிய பெயருள்ள பேராசிரியர் எழுதும் நான்கு வரியை விட, உங்கள் ஆய்வுக் கட்டுரையைத் திருத்திக் கொடுத்த விரிவுரையாளர் எழுதும் ஒன்றரைப் பக்கம் எடைகூடியது. எல்சாக்குக்குக் கடிதம் வந்து சேர்ந்தால் மட்டும் அது ஸ்கூலுக்குப் போய்விடாது. எந்தக் கடிதம் எந்த ஸ்கூலுக்கு என்று ஒவ்வொன்றாக ஒதுக்க வேண்டியது நீங்கள். கடிதம் நவம்பரிலேயே வந்து கிடக்க, விண்ணப்பம் ஜனவரி வரை ‘முழுமையடையவில்லை’ என்று நிற்கும் கதை ஒவ்வொரு சுற்றிலும் உண்டு.

ஒழுக்கம், தகுதி பற்றிய கேள்விகளை வரி வரியாகப் படிக்க வேண்டும். ஒரு ஸ்கூல் ‘தண்டிக்கப்பட்டதுண்டா’ என்று கேட்கும். இன்னொன்று ‘குற்றம் சாட்டப்பட்டதுண்டா, பதிவு நீக்கப்பட்டிருந்தாலும் சொல்லவும்’ என்று கேட்கும். முதலாண்டு விடுதியில் மதுப்பாட்டில் பிடிபட்டு வாங்கிய எச்சரிக்கைக் கடிதம் இரண்டாவது கேள்வியில் வராது; ‘கல்லூரி ஒழுங்கு நடவடிக்கை’ என்ற மூன்றாவது கேள்வியில் வந்துவிடும். நினைவை நம்பாதீர்கள். மாணவர் நலன் அலுவலகத்தில் உங்கள் பெயரில் என்ன பதிவு இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில ஸ்கூல்கள் பின்னால் அதே அலுவலகத்திடம் சான்று கேட்கும்.

சின்ன விஷயத்தைச் சொன்னதால் இடம் போவது அபூர்வம். மறைத்தது பின்னால் தெரிந்தால்தான் தலைவலி. மூன்றாண்டு கழித்து பார் அனுமதிக்கு (வழக்கறிஞர் உரிமத்துக்கு) விண்ணப்பிக்கும்போது இதே கேள்விகள் இன்னும் விரிவாக வரும். அங்கே எழுதியதை லா ஸ்கூல் விண்ணப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சமர்ப்பித்த ஒவ்வொரு விண்ணப்பத்தின் நகலையும் பத்திரமாக வையுங்கள். சொல்ல வேண்டியதை அரைப் பக்கத்தில் சொல்லுங்கள்: எந்தத் தேதி, என்ன நடந்தது, என்ன முடிவு. வருத்தத்துக்கு ஒரு வரி போதும்.

தன்விவரக் கட்டுரை பற்றி ஊரெல்லாம் எழுதிக் குவித்திருக்கிறார்கள். வழக்கமான அளவு, இரட்டை வரி இடைவெளியில் இரண்டு பக்கம். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாமா என்பது ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறுகிறது. விண்ணப்பத்தின் கடைசியில் கையொப்பமிடும் உறுதிமொழியில் அது இருக்கலாம். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 2023 ஜூனில் இன அடிப்படையிலான சேர்க்கையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் தடுத்த பிறகு, பல ஸ்கூல்கள் ‘பன்முகத்தன்மை’ கட்டுரையின் கேள்வியையே மாற்றிவிட்டன. மூத்தவர் ஒருவரின் பழைய கட்டுரையை முன்மாதிரியாக வைத்துக்கொள்கிறவர்கள் அந்தக் கேள்வி இன்னும் இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும்.

நிகழ்ச்சிகளில் எதற்குப் போவது

செமஸ்டர் தொடங்கியதும் சுவரொட்டிகள் வரிசையாக வரும். எல்லாவற்றுக்கும் போக வேண்டியதில்லை. பயிற்சி நிறுவனம் நடத்தும் ‘இலவச மாதிரி எல்சாட்’ உண்மையில் விற்பனைக் கூட்டம்; தேர்வை எழுதிவிட்டு, பேச்சு தொடங்கும் முன் எழுந்துவிடுங்கள். வழக்கறிஞர் கலந்துரையாடல் என்றால் யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள். முப்பதாண்டு அனுபவமுள்ளவரை விட, வேலையில் சேர்ந்து மூன்றாண்டு ஆனவர் சொல்வது உங்களுக்கு உடனே பயன்படும்: ஒரு நாளில் எத்தனை மணி நேரம், எவ்வளவு கடன், எப்படி வேலை கிடைத்தது. கட்டுரைப் பட்டறைக்கு வரைவு இல்லாமல் போகாதீர்கள்.

இலையுதிர்காலத்தில் வரும் லா ஸ்கூல் கண்காட்சிதான் பெரியது. பல்கலைக்கழகங்கள் தாமே நடத்துவது ஒரு வகை; நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் போன்ற நகரங்களில் எல்சாக் நடத்தும் ஃபோரம் இன்னொரு வகை. எல்சாக் ஃபோரத்துக்கு அனுமதி இலவசம், முன்பதிவு செய்தால் போதும். மேசைக்குப் பின்னால் நிற்பவர் பல நேரம் விண்ணப்பங்களைப் படிக்கும் அதே சேர்க்கை அதிகாரி. அவரிடம் போய் ‘உங்கள் சராசரி எல்சாட் எவ்வளவு’ என்று கேட்டால், அறிக்கையைக்கூடப் பார்க்காமல் வந்தவர் என்பது தெரிந்துவிடும். துணிப்பையும் பேனாவும் வாங்கிக்கொண்டு நாற்பது மேசையைச் சுற்றுவதை விட, ஐந்து மேசையில் ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்குவது மேல். பேர்பெற்ற ஸ்கூல்களின் மேசையில் தொடக்கத்தில் கூட்டம் மொய்க்கும். கடைசி அரைமணி நேரத்தில் நின்று பேசலாம். கோட்டு சூட்டு தேவையில்லை, கசங்காத சட்டை போதும். அப்பா அம்மா கூட வரட்டும், குற்றமில்லை. கேள்வியை மட்டும் அவர்கள் கேட்க வேண்டாம்.

அங்கே கேட்க வேண்டியவற்றில் முதலாவது ஸ்காலர்ஷிப்பின் நிபந்தனை. ‘3.0 ஜிபிஏவைத் தக்கவைத்தால் தொடரும்’ என்ற வரி, இளங்கலையில் 3.7 வாங்கியவருக்குச் சுலபமாகத் தெரியும். லா ஸ்கூலில் முதலாண்டு மதிப்பெண்கள் வளைவு முறையில் வருபவை. வகுப்பின் நடுப்புள்ளி எங்கே விழ வேண்டும் என்று ஸ்கூலே நிர்ணயித்துவிடும். நடுப்புள்ளி 3.0 என்று வைத்தால், எவ்வளவு உழைத்தாலும் ஏறக்குறைய பாதிப்பேர் அதற்குக் கீழேதான் இருந்தாக வேண்டும். அவர்களுக்கு இரண்டாம் ஆண்டில் ஸ்காலர்ஷிப் போய்விடும், முழுக் கட்டணம் வந்து நிற்கும். ஆகவே கேட்க வேண்டியது இரண்டு: நிபந்தனை உண்டா? உண்டென்றால், முதலாண்டு வளைவின் நடுப்புள்ளி எவ்வளவு? நிபந்தனை ஸ்காலர்ஷிப்போடு எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்கு அது குறைந்தது அல்லது ரத்தானது என்பதும் 509 அறிக்கையிலேயே இருக்கிறது. மேசையில் கிடைக்கும் பதிலை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது தேதி. விண்ணப்பங்கள் செப்டம்பர் வாக்கில் திறக்கும், வரவர முடிவெடுத்துக்கொண்டே போவார்கள். பிப்ரவரி கடைசி நாள் என்று போட்டிருந்தாலும் அதற்குள் நிறைய இடங்கள் நிரம்பியிருக்கும். ஜனவரி எல்சாட் மதிப்பெண்ணுக்காகக் கோப்பைப் பிடித்துவைப்பீர்களா, இருக்கும் மதிப்பெண்ணை வைத்து முடிவெடுத்துவிடுவீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள். ‘பைண்டிங் எர்லி டிசிஷன்’ எனப்படும் கட்டுப்படுத்தும் முன்முடிவு முறையில் விண்ணப்பித்தால், இடம் கிடைத்ததும் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றாக வேண்டும்; ஸ்காலர்ஷிப்பைப் பேசிக் கூட்டும் வாய்ப்பும் பெரும்பாலும் அதோடு முடிந்தது. பணம் ஒரு பொருட்டில்லை என்பவர்களுக்கு மட்டுமே அது சரி.

பணம்

எல்சாட் கட்டணமும் எல்சாக்கின் ஆவணச் சேவைக் கட்டணமும் தனித்தனியே 200 டாலருக்கு மேல். அதற்கு மேல் ஒவ்வொரு ஸ்கூலுக்கும் அறிக்கை அனுப்ப 45 டாலர், ஸ்கூலின் விண்ணப்பக் கட்டணம் வேறு. குறைந்த வருமானமுள்ளவர்கள் எல்சாக் கட்டண விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். எல்சாட்டுக்குப் பதிவு செய்யும் முன்பே அதைச் செய்துவிட வேண்டும். எல்சாக் கணக்கில் ‘ஸ்கூல்கள் என்னைத் தொடர்புகொள்ளலாம்’ என்ற சேவையைத் தேர்ந்தெடுத்தால், சில ஸ்கூல்கள் தாமாகவே விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மின்னஞ்சல் அனுப்பும். பெட்டி நிரம்பி வழியும், அதற்கென்று தனி முகவரி வைத்துக்கொள்ளலாம்.

பெரிய மாற்றம் கடனில் வந்திருக்கிறது. முழுச் செலவுக்கும் கடன் கொடுத்துவந்த அமெரிக்க மத்திய அரசின் கிராட் ப்ளஸ் திட்டம், 2025-இல் வந்த சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதியவர்களுக்குக் கிடையாது. சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு மத்திய அரசின் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்று உச்சவரம்பு. நியூயார்க் போன்ற நகரத்துத் தனியார் லா ஸ்கூல்களில் தங்கும் செலவோடு சேர்த்து ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டுகிறது. மீதியைத் தனியார் வங்கியில்தான் வாங்க வேண்டும், அங்கே வட்டியும் பிணையும் வேறு மாதிரி. நான்கைந்து ஆண்டுக்கு முன் சேர்ந்தவர் சொல்லும் ‘கடன் எப்படியும் கிடைக்கும்’ என்ற ஆறுதல் இப்போது செல்லாது.

சம்பளத்தையும் சராசரியாகப் பார்க்காதீர்கள். பெருநிறுவனங்களில் முதலாண்டு வழக்கறிஞருக்கு 2,25,000 டாலர் என்று ஒரு குவியல். அரசு, பொதுநலம், சிறு அலுவலகங்களில் ஒரு லட்சத்துக்குக் கீழே இன்னொரு குவியல். இரண்டுக்கும் நடுவில் ஆட்கள் குறைவு. ஏபிஏவுக்கு ஸ்கூல்கள் கொடுக்கும் வேலைவாய்ப்பு அட்டவணை பட்டம் பெற்றுப் பத்து மாதம் கழித்த நிலவரம். அதில் முழுநேரம், நீண்டகாலம், வழக்கறிஞர் உரிமம் தேவைப்படும் வேலை என்ற மூன்றும் சேர்ந்த வரியை மட்டும் பாருங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள்

இந்தியாவில் இளங்கலை முடித்து, அமெரிக்காவில் முதுகலை படித்துக்கொண்டே ஜேடி யோசிப்பவர்களுக்குக் கணக்கு வேறு. வெளிநாட்டு இளங்கலைக்கு எல்சாக் ஜிபிஏ போடாது. சராசரிக்கு மேல், சராசரி என்ற மாதிரி ஒரு மதிப்பீட்டுச் சொல்தான் அறிக்கையில் வரும். அமெரிக்க முதுகலை மதிப்பெண்ணும் ஜிபிஏவாகச் சேராது. எண் என்று இருப்பது எல்சாட் ஒன்றுதான் என்பதால் அதன் எடை கூடுகிறது. பழைய பல்கலைக்கழகம் டிரான்ஸ்கிரிப்டை நேரடியாக எல்சாக்குக்கு அனுப்ப வேண்டும். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஆகும் தாமதத்தைக் கணக்கில் வைத்து, விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் அமெரிக்க மத்திய அரசின் கடன் கிடையாது. படிப்புக்குப் பிறகு வேலை பார்க்கக் கிடைக்கும் ஓபிடி அனுமதி 12 மாதம்தான், அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கான ஸ்டெம் நீட்டிப்பு ஜேடிக்கு இல்லை. அதற்குள் விசா ஆதரவு தரும் வேலை கிடைக்க வேண்டும். அதைத் தருபவை பெரும்பாலும் பெருநிறுவனங்கள். கண்காட்சி மேசையில் ‘சென்ற ஆண்டு எஃப்-1 மாணவர்கள் எத்தனை பேர், எங்கே வேலைக்குப் போனார்கள்’ என்று கேட்க மறக்காதீர்கள். குடியுரிமை இல்லாமல் வழக்கறிஞராக முடியாது என்ற பேச்சு மட்டும் தவறு. 1973-இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையைச் செல்லாதென்று சொல்லிவிட்டது. இந்தியாவில் ஏற்கெனவே சட்டம் படித்தவர்கள் ஜேடிக்குப் பதிலாக எல்எல்எம் வழியையும் பார்க்கலாம். ஓராண்டு எல்எல்எம் முடித்து நியூயார்க் பார் தேர்வு எழுத வழி உண்டு. உங்கள் இந்தியப் பட்டத்தை அந்த மாநிலம் ஏற்குமா என்று சேருவதற்கு முன்பே மதிப்பீடு வாங்கிவிடுங்கள்.

ஏப்ரலில் முன்பணம் கட்டும் கெடுக்கள் தொடங்கும். ஸ்காலர்ஷிப்பைக் கூட்டிக் கேட்க வேண்டுமென்றால் அதற்கு முன், மற்ற ஸ்கூலின் கடித நகலை இணைத்து, ஒரே பக்கத்தில் கேளுங்கள். முன்பணம் கட்டியதும் போகாத ஸ்கூல்களுக்கு வாபஸ் மின்னஞ்சல் அனுப்புங்கள். காத்திருப்புப் பட்டியலில் யாரோ உட்கார்ந்திருப்பார். பட்டம் வழங்கிய தேதி அச்சிட்ட இறுதி டிரான்ஸ்கிரிப்ட் ஜூனில் எல்சாக்குக்குப் போக வேண்டும். நூலகத்தில் கட்ட வேண்டிய 20 டாலர் அபராதத்துக்காகச் சில பல்கலைக்கழகங்கள் அதை நிறுத்திவைக்கும். மே மாதமே பாக்கியைக் கட்டிவிடுங்கள்.